ஒரே வாசல், உறுப்புக்கு ஒரு காவல்

வீட்டுப் பரணில் எலி செத்துக் கிடந்தால் மூக்குதான் அதை முதலில் கண்டுபிடிக்கும். அந்த நாற்றத்தில் கந்தகச் சேர்மங்கள் உட்படப் பலவற்றுக்குப் பங்கு உண்டு. அவற்றுள் ஒன்று பியூட்ரெசின். 1885இல் பெர்லின் மருத்துவர் லுட்விக் பிரீகர் அழுகிய இறைச்சியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். இதை வாசிக்கிற உங்கள் கல்லீரலிலும் குடலிலும் இந்த நொடியில் அதே பியூட்ரெசின் உருவாகிக்கொண்டிருக்கிறது. மருந்து கொடுத்து அந்த உற்பத்தியை நிறுத்தினால் செல்கள் பெருகுவதும் நின்றுபோகும். செத்த எலியில் நாறுகிற ஒன்று, உயிருள்ள உடலுக்கு எப்படி இன்றியமையாததாகிறது?

அழுகலில் நுண்ணுயிர்கள் அமினோ அமிலங்களைக் கட்டுப்பாடில்லாமல் சிதைக்கின்றன. ஆர்னிதைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடு கழன்றுபோனால் மிஞ்சுவது பியூட்ரெசின். நம் செல்லிலும் நடப்பது இதே வேதிவினைதான். ஆனால் இங்கே ஆர்னிதைன் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி அதைச் செய்கிறது, அந்த நொதிக்கு ஆயுள் மிகக் குறைவு. 1960களின் இறுதியில் டயான் ரஸ்ஸல், சாலமன் ஸ்னைடர் இருவரும் எலியின் கல்லீரலில் அளந்தபோது, சுமார் 11 நிமிடத்தில் அந்த நொதியின் செயல்திறன் பாதியாகக் குறைவதைக் கண்டார்கள். பாலூட்டிகளின் உடலில் இத்தனை வேகமாக அழிக்கப்படும் நொதிகள் அரிது. வேண்டும்போது செய்து, வேண்டாதபோது உடனே அழிக்கும் ஏற்பாடு இது. கல்லீரலின் ஒரு பகுதியை அறுத்து எடுத்துவிட்டு அது மீண்டும் வளர்வதைக் கவனித்தால், முதல் சில மணி நேரத்திலேயே இந்த நொதி பல மடங்கு ஏறிவிடுகிறது.

பியூட்ரெசினுடன் இன்னொரு கண்ணி சேர்ந்தால் ஸ்பெர்மிடின். மேலும் ஒன்று சேர்ந்தால் ஸ்பெர்மின். இந்த மூன்றையும் சேர்த்துப் பாலிஅமின்கள் என்கிறார்கள். இவற்றில் ஸ்பெர்மினுக்குத்தான் வரலாறு நீளம். 1678இல் லேவன்ஹூக் தன் நுண்ணோக்கியில், உலரவிட்ட விந்துத் துளியில் படிகங்களைப் பார்த்து எழுதிவைத்தார். அந்தப் படிகம் ஸ்பெர்மினின் பாஸ்பேட் உப்பு என்பதும், அந்த மூலக்கூறின் சரியான வடிவமும் தெளிவாக 1920கள் வரை ஆயிற்று.

மூன்றும் மெல்லிய, நீண்ட, வளையக்கூடிய மூலக்கூறுகள். உடலின் அமிலத்தன்மையில் பியூட்ரெசின் இரண்டு நேர்மின்னூட்டங்களைச் சுமக்கிறது. ஸ்பெர்மிடின் மூன்று, ஸ்பெர்மின் ஏறக்குறைய நான்கு. டிஎன்ஏ, ஆர்என்ஏ, ஏடிபி எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் செல்லுக்குள் இருக்கும் பாலிஅமின்களில் பெரும்பகுதி அவற்றோடு, குறிப்பாக ஆர்என்ஏவோடு, ஒட்டிக்கிடக்கிறது. சுதந்திரமாகத் திரிவது சிறு பங்குதான். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்கு வருவோம்.

மைட்டோகாண்ட்ரியாவைச் செல்லின் ஆற்றல் நிலையம் என்று பள்ளியில் படித்திருப்போம். அதற்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வில் பெரிய துளைகள் உண்டு. ஸ்பெர்மின் அளவுள்ள மூலக்கூறுகள் அதில் தடையின்றிப் போய்வரலாம். உட்சவ்வு அப்படியல்ல. உணவை எரித்துக் கிடைக்கும் ஆற்றலால் ஹைட்ரஜன் அயனிகள் அந்தச் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அதனால் உள்பக்கம் எதிர்மின் தன்மை அடைகிறது. பீட்டர் மிட்செல் இந்தக் கருத்தை 1961இல் முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உள்ளுக்கும் வெளிக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு சுமார் 180 மில்லிவோல்ட். ஒரு சாதாரண டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் சவ்வின் தடிமன் சில நானோமீட்டர்களே. அந்தக் குறுகிய இடைவெளியில் இந்த அழுத்தம் முழுவதும் விழுவதால், மீட்டருக்கு 3 கோடி வோல்ட் என்ற அளவில் மின்புலம் உருவாகிறது. இடி மின்னலை உண்டாக்கும் மேகங்களில்கூட இத்தனை செறிவான புலம் இல்லை.

இங்கேதான் என்னைப் பல நாள் யோசிக்கவைத்த கணக்கு வருகிறது. ஒரே ஒரு நேர்மின்னூட்டம் கொண்ட துகளை 180 மில்லிவோல்ட் இழுத்தால், சமநிலை வரும்போது அது வெளியே இருப்பதைவிட உள்ளே சுமார் ஆயிரம் மடங்கு சேர்ந்திருக்கும். இரண்டு மின்னூட்டம் என்றால் ஆயிரத்தின் ஆயிரம் மடங்கு, அதாவது பத்து லட்சம். பியூட்ரெசின் அந்த அளவுக்குச் சேர வேண்டும். ஸ்பெர்மிடின் நூறு கோடி மடங்கு. ஸ்பெர்மின் ஒரு லட்சம் கோடி மடங்கு. அப்படி நடந்தால் செல்லில் இருக்கும் பாலிஅமின் முழுவதும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் அடைந்துவிடும், உள்ளே நீர் புகுந்து அது வெடித்தும் போகும். உண்மையில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஆகவே இழுப்பு எவ்வளவு என்பது கதையின் பாதிதான். எவ்வளவு வேகமாக உள்ளே விடுவது, எவ்வளவு வெளியே அனுப்புவது என்பதை வேறு ஏதோ முடிவு செய்கிறது.

மதுரையிலிருந்து திருமங்கலம் போகிறவர்கள் கப்பலூர் சுங்கச்சாவடியை எண்ணிப் பார்க்கலாம். நான்குவழிச் சாலை எவ்வளவு அகலமாக, வழுக்கிக்கொண்டு போவதாக இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி கடக்கும் என்பதைச் சாவடியில் எத்தனை பாதை திறந்திருக்கிறது, தடுப்புக் கம்பம் எத்தனை நொடியில் எழுகிறது என்பவைதான் தீர்மானிக்கின்றன. போகும் பாதையும் வரும் பாதையும் வேறு வேறு. உள்ளூர் வண்டிக்கு ஒரு விதி, வெளியூர் வண்டிக்கு ஒரு விதி என்பதற்காகத் திருமங்கலத்து மக்கள் எத்தனை போராட்டம் நடத்தியிருக்கிறார்கள் என்பது ஊரறிந்தது. உட்சவ்வில் பாலிஅமின்களுக்கு அமைந்திருக்கும் வாசலிலும் இவை அனைத்தும் உண்டு: திறக்கும் வேகம், தனித்தனி வழி, ஊருக்கு ஊர் மாறும் விதி.

இந்த வாசலைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இத்தாலியின் பாதுவா நகரத்திலிருந்து வந்தது. அங்கே நோரிஸ் சிலிப்ராந்தி, தோரா சிலிப்ராந்தி, அந்தோனியோ தொனினெல்லோ ஆகியோரின் குழு 1985இல் எலிக் கல்லீரல் மைட்டோகாண்ட்ரியா ஸ்பெர்மினை உள்ளே எடுப்பதையும், அது பாஸ்பேட்டின் போக்குவரத்தோடு பின்னிக் கிடப்பதையும் வெளியிட்டது. பாலிஅமின்களை உருவாக்கும் ஆர்னிதைன் டிகார்பாக்சிலேஸ் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, செல்லின் திரவப் பகுதியில்தான் வேலை செய்கிறது. ஆகவே உள்ளே காணும் ஸ்பெர்மின் உட்சவ்வைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

இதை எப்படி நிறுவினார்கள் என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவை விட வழிமுறைதான் இங்கே அழகு. எலியின் கல்லீரலைக் குளிர்ந்த சர்க்கரைக் கரைசலில் மசித்து, சுழற்சிக் கருவியில் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவார்கள். முதலில் கனமான உட்கருக்கள் படியும், அடுத்து மைட்டோகாண்ட்ரியா. 1940களின் இறுதியில் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் சீரமைக்கப்பட்ட முறை இது. பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவுக்கு எரிபொருள் கொடுத்தால் செல்லுக்கு வெளியேயும் சில மணி நேரம் மூச்சுவிடும். அதில் கதிரியக்கக் கார்பன் சேர்த்துத் தயாரித்த ஸ்பெர்மினைக் கலந்து, குறிப்பிட்ட நிமிடங்களில் மாதிரி எடுத்து, மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பிரித்து, அதில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று எண்ணினால் எவ்வளவு ஸ்பெர்மின் சேர்ந்தது என்று தெரியும்.

ஆனால் சேர்ந்தது எங்கே? மேற்பரப்பிலும் எதிர்மின் தன்மை உண்டு. நான்கு நேர்மின்னூட்டம் கொண்ட மூலக்கூறு வெளியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை உள்ளே போனதாகக் கணக்கிட்டால் முடிவு முழுவதும் பொய்யாகும். அதனால் மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தைச் சிதைக்கும் வேதிப்பொருளைச் சேர்த்து அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். மின்னழுத்தம் போனால் உள்ளே இழுப்பது நிற்கும், மேலே ஒட்டுவது மட்டும் மிஞ்சும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையில் உள்ளே போனது. மின்னழுத்தத்தையும் ஊகித்து விட்டுவிடவில்லை. நேர்மின்னூட்டம் கொண்ட வேறொரு அயனி கரைசலிலிருந்து எவ்வளவு மறைகிறது என்பதை மின்முனையால் அளந்து, அதிலிருந்து கணக்கிட்டார்கள்.

1992இல் கீத் கார்லிட் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளரோடு சேர்ந்து பாதுவா குழு வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் மையம் என்பது என் கருத்து. அதில் இரண்டு சேதிகள். ஒன்று, ஸ்பெர்மின், ஸ்பெர்மிடின், பியூட்ரெசின் மூன்றும் ஒன்றின் நுழைவை மற்றொன்று தடுக்கின்றன. ஆகவே மூன்றுக்கும் வாசல் ஒன்றே. தனக்கென்று துணைச் சரக்கு இல்லாமல், மின்னழுத்தத்தின் இழுப்பில் மட்டும் ஒரு பொருளைக் கடத்தும் இப்படிப்பட்ட புரதத்தை ஒற்றைக் கடத்தி எனலாம். இரண்டு, மின்னழுத்தம் கூடக் கூட நுழைவு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. குறைந்த அழுத்தத்தில் ஏறக்குறைய எதுவும் நுழையவில்லை. அழுத்தம் உயர்ந்த பின் கொஞ்சம் கூடினாலே நுழைவு செங்குத்தாக ஏறுகிறது. சவ்வின் வழியில் ஸ்பெர்மின் ஏறித் தாண்ட வேண்டிய ஆற்றல் தடைகள் இருக்கின்றன என்பதற்கு இது அடையாளம். பின்னர் 2000இல் அதே குழு, ஒன்றுக்கொன்று சமமில்லாத இரண்டு தடைகள் இருப்பதாகக் கணித்தது.

அதே 1992இல் இன்னொரு கட்டுரை. உள்ளே போன ஸ்பெர்மின் உள்ளேயே கிடப்பதில்லை, வெளியேயும் வருகிறது, இடைவிடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அது காட்டியது. லட்சம் கோடி மடங்கு ஏன் சேர்வதில்லை என்ற கேள்விக்கு விடையில் ஒரு பகுதி இது. மற்றொரு பகுதி நான் முன்பு சொன்னது: வெளியே சுதந்திரமாக இருக்கும் ஸ்பெர்மினே குறைவு, பெரும்பகுதியை ஆர்என்ஏ பிடித்துவைத்திருக்கிறது.

இத்தனை காவல் எதற்கு? உள்ளே போகும் ஸ்பெர்மினுக்கு வேலை இருக்கிறது. 1984இல் மாட்டின் திசுக்களிலிருந்து பிரித்தெடுத்த நொதிகளில் நடந்த ஆய்வு, பைருவேட்டை எரிக்கும் நொதித் தொகுப்பை முடுக்கிவிடும் பாஸ்பட்டேஸைப் பாலிஅமின்கள் தூண்டுவதைக் காட்டியது. அதே ஆண்டில் நிச்சிட்டா, வில்லியம்சன் இருவரும், கால்சியம் குறைவாக இருக்கும்போதும் மைட்டோகாண்ட்ரியா அதை உள்ளிழுக்க ஸ்பெர்மின் உதவுவதைக் கண்டார்கள். கால்சியம் அளவுமீறிச் சேர்ந்தால் உட்சவ்வில் பெரிய துளை திறந்து மைட்டோகாண்ட்ரியா சிதையும். மாரடைப்பில் அடைப்பு நீங்கி ரத்தம் மீண்டும் பாயும் முதல் நிமிடங்களில் இதயச் செல்கள் சாவதற்கு இந்தத் துளை ஒரு முக்கியக் காரணம். எலிக் கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவில் இந்தத் துளை திறப்பதை ஸ்பெர்மின் தடுக்கிறது என்று 1990களின் தொடக்கத்தில் காட்டினார்கள்.

இவற்றில் பெரும்பாலும் "எலிக் கல்லீரல்" என்ற சொற்கள் வருவதைக் கவனித்திருப்பீர்கள். கல்லீரல் பெரியது, மென்மையானது, ஒரே எலியிலிருந்து நிறைய மைட்டோகாண்ட்ரியா கிடைக்கும். அதனால் ஆய்வு அங்கே தொடங்கியது. அதில் குற்றமில்லை. கல்லீரலில் கண்டதை உடல் முழுவதற்கும் பொதுவாக்கினால்தான் தவறு. அதை உடைத்துக் காட்டியது அக்மட்டின்.

அக்மட்டின் பியூட்ரெசினுக்கு நெருங்கிய உறவு. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பிறப்பது. 1910இல் ஹெர்ரிங் மீனின் விந்தில் அல்பிரெக்ட் கோசல் கண்டார். பயிர்களில் அது பியூட்ரெசினாக மாறும் பாதையைத் துலக்கியதில் இந்தியாவுக்குப் பெரிய பங்குண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி. ஆர். அடிகாவும் அவர் மாணவர்களும் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் கேசரிப் பருப்பின் முளைகளை எடுத்து, ஆர்ஜினினிலிருந்து அக்மட்டினும் அதிலிருந்து பியூட்ரெசினும் உருவாகும் நொதிகளைப் பிரித்தெடுத்தார்கள். பாலூட்டிகளின் மூளையில் அக்மட்டின் இருப்பது 1994இல்தான் வெளியானது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் எஸ். ரெகுநாதன்.

கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவில் அக்மட்டின் மின்னழுத்தத்தின் இழுப்பில் உள்ளே போகிறது. 2010இல் பாதுவா குழு எலியின் மூளை மைட்டோகாண்ட்ரியாவில் அதே சோதனையைச் செய்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே கதை: அங்கும் உயர்ந்த மின்னழுத்தம் தேவை, அங்கும் செங்குத்தான ஏற்றம். நுணுகிப் பார்த்தபோது வேறுபாடுகள் தெரிந்தன. மூளையில் தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவு கல்லீரலைவிட அதிகம், கடைசியில் உள்ளே சேரும் மொத்த அளவு குறைவு. கல்லீரலில் பியூட்ரெசின் எதிரே நின்றாலும் அக்மட்டினின் நுழைவு குறையவில்லை, மூளையில் பியூட்ரெசின் அதைத் தடுத்தது. இடசாக்சன் என்ற மருந்தும் அப்படியே, மூளையில் தடுத்தது, கல்லீரலில் தடுக்கவில்லை. வாசலில் வேறு பொருள் நிற்பதால் ஒன்றில் நெரிசல் உண்டாகி மற்றொன்றில் உண்டாகவில்லை என்றால், இரண்டும் ஒரே வாசலாக இருக்க முடியாது. ஆய்வாளர்களும் மூளையில் வேறு கடத்தி இருக்க வேண்டும் என்றே முடிவு செய்தார்கள்.

ஸ்பெர்மின் உதவி செய்யும் கால்சியம் வாசலிலும் இதே வேறுபாட்டைக் காணலாம், அங்கே சான்று இன்னும் வலுவானது. அந்த வாசலின் நடத்தை 1960களிலிருந்து தெரியும். அதன் புரதம் எம்சியு என்று 2011இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதைக் கண்ட இரு குழுக்களில் ஒன்று பாதுவாவின் ரிசுட்டோ குழு, மற்றொன்று ஹார்வர்டில் வம்சி மூத்தாவின் குழு. அடுத்த ஆண்டில் எம்ஐசியு1 என்ற புரதம் அந்த வாசலின் காவலாள் என்று காட்டியவர் முனிசாமி மாதேஷ். பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்பு, 1990களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் கே. ஏ. பாலசுப்பிரமணியனோடு சேர்ந்து எலிக் குடலின் மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து ஆராய்ந்தவர் அவர். கல்லீரலை விட்டு வேறு உறுப்பைத் தேடிப் போன அந்த வேலூர் ஆய்வுகள் நம் ஊரில் இன்னும் அதிகம் பேசப்பட வேண்டியவை.

2012இல் பியெனி, கிரிச்சோக் குழுவினர் எலிகளின் பல உறுப்புகளில் இருந்து மைட்டோகாண்ட்ரியாவை எடுத்து, உட்சவ்வில் கண்ணாடி ஊசியை வைத்து, கால்சியம் வாசல் வழியே பாயும் மின்னோட்டத்தை நேரடியாக அளந்தார்கள். எலும்புத் தசையில் அதிகம். இதயத்தில் அதைவிடச் சுமார் 30 மடங்கு குறைவு. முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், ஓயாமல் உழைப்பது இதயம்தானே என்று. ஆனால் இதயச் செல்லின் பருமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியா. ஒவ்வொரு துடிப்புக்கும் கால்சியம் ஏறி இறங்க வேண்டும். அத்தனை மைட்டோகாண்ட்ரியாவும் ஆசையோடு உறிஞ்சிக்கொண்டால் தசை சுருங்கக் கால்சியம் மிஞ்சாது. இதயம் தன் வாசலைக் குறுக்கி வைத்திருப்பதற்கு இது நியாயமான காரணம். 2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, காவலாள் புரதத்துக்கும் வாசல் புரதத்துக்கும் உள்ள விகிதம் கல்லீரலில் அதிகம், இதயத்தில் குறைவு என்று காட்டியது. கல்லீரலின் வாசல் குறைந்த கால்சியத்தில் இறுக மூடி, ஓர் அளவைத் தாண்டியதும் சட்டென்று திறக்கிறது. இதயத்தின் வாசல் முன்னதாகவே மெல்லத் திறக்கிறது. ஆக, ஒரே அளவு ஸ்பெர்மினைக் கொடுத்தாலும் அது போய்ச் சேரும் வாசலைப் பொறுத்து விளைவு மாறும்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு எட்டும் முன்பே செல்லுக்குள் இன்னொரு கட்டுப்பாடு இருக்கிறது என்பது 2020இல் தெளிவாயிற்று. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் வாங்கெலுவே குழு, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சேரும் பாலிஅமின்களை வெளியே தள்ளுவது ஏடிபி13ஏ2 என்ற புரதம் என்று கண்டது. அப்படி வெளிவரும் பாலிஅமின்கள் மைட்டோகாண்ட்ரியாவை ஆக்சிஜன் தாக்குதலிலிருந்து காக்கின்றன என்றும் காட்டினார்கள். இந்தப் புரதத்தின் மரபணு பழுதானால் இளம் வயதிலேயே பார்க்கின்சன் வகை நோய் வருகிறது. மரபணு உடலெங்கும் இருந்தாலும் அடி விழுவது முதன்மையாக மூளையில்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பெர்மிடின் மாத்திரைகள் சந்தைக்கு வந்துவிட்டன, மூப்பைத் தள்ளிப்போடும் என்று விளம்பரமும் வருகிறது. அடிப்படை ஆய்வுகள் பொய்யல்ல. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பிராங்க் மடியோ குழு 2009இல் ஈஸ்ட்டிலும் புழுவிலும் ஈயிலும் ஸ்பெர்மிடின் ஆயுளைக் கூட்டுவதைக் கண்டது. 2016இல் சுண்டெலிகளின் இதயத்துக்கு நன்மை கிடைப்பதைக் கண்டார்கள். ஆனால் ஜெர்மனியில் நினைவுக் குறைவு இருப்பதாக உணர்ந்த 100 முதியவர்களில் சுமார் பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 0.9 மில்லிகிராம் வீதம் 12 மாதம் கொடுத்துப் பார்த்த சோதனையில், நினைவாற்றலில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் வேறுபாடு இல்லை என்று 2022இல் வெளியானது. மறு ஆண்டில் வந்த ஓர் ஆய்வில் நாளுக்கு 15 மில்லிகிராம் கொடுத்தபோதும் ரத்தத்தில் ஸ்பெர்மிடின் ஏறவில்லை, ஸ்பெர்மின்தான் ஏறியது. ரத்தத்தை எட்டும் முன்பே அது மாறிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வாயில் போட்டது குடலைத் தாண்டி, ரத்தம் தாண்டி, செல்லின் சவ்வைத் தாண்டி, லைசோசோமைத் தாண்டி, அந்தந்த உறுப்பின் மைட்டோகாண்ட்ரியா வாசலில் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் வேறு விதி.

ஆகவே மூளைக்கோ இதயத்துக்கோ என்று சொல்லி ஸ்பெர்மிடின் மாத்திரை வாங்கப் பணம் செலவிட இப்போதுள்ள சான்று போதாது. சோயாவும் காளானும் பட்டாணியும் பாலிஅமின் மிகுந்த உணவுகள், அவற்றைச் சாப்பிடுவதற்கு வேறு நல்ல காரணங்களே போதும். மதுரைக் கல்லூரிகளில் உயிர்வேதியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மைட்டோகாண்ட்ரியா பற்றிய எந்த ஆய்வைப் படித்தாலும், முடிவுரைக்குப் போகும் முன் செய்முறைப் பகுதியைத் திறந்து, எந்த விலங்கின் எந்த உறுப்பிலிருந்து எடுத்தார்கள் என்ற வரியை முதலில் வாசியுங்கள்.